எப்ப சூடாகுது?

கச்சான் காற்று அனலாய் அடிக்கும் ஆடி மாதம். சுமையோடு ஓர்ஸ் ஹில் பக்கம் வரும் கெப் வண்டியின் வெப்ப ஊசி சிவப்பை நெருங்கினால், நல்ல மெக்கானிக் முதலில் ஸ்பேனரைத் தேடுவதில்லை. “எப்ப சூடாகுது? நிக்கேக்கயா, ஓடேக்கயா?” என்றுதான் கேட்பார்.

பாதி நோய் அங்கேயே பிடிபடும். நிற்கும்போது சூடாகி, கண்டி வீதியில் விரட்டும்போது ஆறினால் விசிறியில் சந்தேகம். எதிர்க்காற்று அதன் குறையை மறைத்துவிடுகிறது. விரட்ட விரட்ட ஏறினால் ரேடியேட்டர் அடைபட்டிருக்கலாம். கூலன்ட் காசை மிச்சம் பிடித்து உவர்க் கிணற்றுத் தண்ணீரையே ஊற்றி ஓட்டிய வண்டியென்றால் உள்ளே காறை படிந்து கிடக்கும்.

அடுத்தது கை. எஞ்சின் கொதித்தும் ரேடியேட்டரின் கீழ்க் குழாய் குளிர்ந்தே இருந்தால், தேர்மோஸ்டாட் கழற்றப்பட்டுத் தண்ணீர்ச் சட்டியோடு அடுப்பில் ஏறும். பல வண்டிகளில் 82 பாகை அளவில் அந்தப் பித்தளை வால்வு மெல்ல வாய் திறக்க வேண்டும். பார்க்க அலுக்காத காட்சி.

மூடியும் லேசுப்பட்டதல்ல. 1.1 பார் அழுத்தம் தாங்கும் மூடி, தண்ணீரின் கொதிநிலையை ஏறத்தாழ 120 பாகைக்குத் தள்ளுகிறது. சூட்டோடு திறந்தால் முகம் வெந்துவிடும்.

ஆறிய எஞ்சினை மூடியில்லாமல் ஸ்டார்ட் பண்ணிப் பார்ப்பதும் உண்டு. ரேடியேட்டர் வாயில் குமிழிகள் விடாமல் வந்தால், பெரும்பாலும் ஹெட் கேஸ்கட் போயிற்று. அதற்குப் பிறகு வண்டிக்காரர் கேட்பதெல்லாம் லேத் செலவைப் பற்றித்தான்.