கலங்கலில் லேசருக்கு எத்தனை மீட்டர்?

கலங்கிய நீரையும் லேசர் ஊடுருவிப் பார்த்துவிடும் என்கிறார்கள். எவ்வளவு கலங்கிய நீர் என்று கேட்டால்தான் பேச்சு சூடுபிடிக்கும். 1972இல் பெட்சோல்ட் என்ற ஆய்வாளர் வெளியிட்ட அளவீடுகளின்படி, பச்சை ஒளிக்கற்றையின் வலு 37 சதவீதமாகத் தேய பஹாமாஸின் தெளிந்த கடலில் சுமார் 6.6 மீட்டர் ஆகிறது. கலிபோர்னியக் கரையோரத்தில் 2.5 மீட்டர். சான் டியேகோ துறைமுகத்திலோ வெறும் 46 சென்டிமீட்டர். இந்தத் தூரத்தைத் தேய்வு நீளம் என்று வைத்துக்கொள்வோம்.

சாதாரண விளக்கும் கேமராவும் இரண்டு மூன்று நீளத்திலேயே தோற்றுவிடுகின்றன. வெளிச்சம் போதாததால் அல்ல; மிதக்கும் துகள்கள் விளக்கொளியைக் கேமராவுக்கே திருப்பி வீசுவதால். பனிமூட்டத்தில் ஹைபீம் போட்ட கதைதான். லேசரின் விடை அழகானது. நீரில் ஒளி ஒரு நானோவினாடியில் 22.5 சென்டிமீட்டர் ஓடும். 10 மீட்டருக்கு அப்பாலுள்ள பொருளில் பட்டுத் திரும்ப ஏறக்குறைய 89 நானோவினாடி. அதுவரை கேமராவை மூடிவைத்து, அந்தக் கணத்தில் மட்டும் திறந்தால், இடையிலுள்ள துகள்களின் ஒளி வந்து கழிந்திருக்கும். பார்வை ஐந்தாறு நீளம் வரை நீள்கிறது.

ஆனால் துகளொளியின் திரையை விலக்கிவிட்டால் ஒளி கூடிவிடுமா? ஐந்து நீளம் போய்த் திரும்பும் கற்றையில் 22,000இல் ஒரு பங்குதான் மிஞ்சும். பொருளில் பட்டுச் சிதறுவதில் இழப்பது தனிக்கணக்கு. மேலும் ஒரு நீளம் வேண்டுமென்றால் லேசரின் வலுவை ஏழு மடங்குக்கு மேல் ஏற்ற வேண்டும். சான் டியேகோவில் அத்தனை செலவுக்கும் கிடைப்பது 46 சென்டிமீட்டர்! மொத்த எட்டலே இரண்டேகால் மீட்டர் சொச்சம். அவ்வளவு கிட்டத்தில் திறந்து மூடும் உத்தியும் திணறுகிறது: ஐந்து நானோவினாடித் துடிப்பு ஒன்றே நீரில் ஒரு மீட்டருக்கு மேல் நீளம், துகளின் ஒளியையும் பொருளின் ஒளியையும் எப்படிப் பிரிப்பது? ஒற்றை ஃபோட்டானையும் எண்ணும் உணரிகளைக் கொண்டு ஸ்காட்லாந்தின் ஹெரியட்-வாட் பல்கலைக்கழகத்தார் ஆய்வகத் தொட்டியில் எட்டு நீளம் வரை போயிருக்கிறார்கள். துறைமுகக் கணக்கில் அதுவும் நாலு மீட்டருக்குள்தான்.

1996இல் லாங் ஐலண்டுக்கு அப்பால் டிடபிள்யூஏ 800 விமானம் விழுந்தபோது, சுமார் 36 மீட்டர் ஆழத்தில் சிதைவுகளைத் தேட லேசர் வருடியையும் இறக்கினார்கள். தனியாக அல்ல, பக்கவாட்டு சோனாரும் ரிமோட்டில் இயங்கும் ஊர்திகளும் முக்குளிப்போரும் கூடவே இருந்தார்கள். மணலில் புதைந்தவற்றுக்குக் கடைசியில் இழுவலைப் படகுகளே வரவேண்டியிருந்தது.

சோனார் வகையைச் சேர்ந்த 1.8 மெகாஹெர்ட்ஸ் ஒலிக் கேமராவோ சேற்று நீரிலும் 10 மீட்டர் காட்டும். அதன் அலைநீளம் ஏறக்குறைய 0.8 மில்லிமீட்டர், அதைவிட மிகச் சிறிய வண்டல் துகள்கள் அதற்குப் பெரிய தடையில்லை. படம் சொரசொரப்பானது, ஒரு புள்ளிக்குச் சில சென்டிமீட்டர்.

ஆகவே துறைமுகச் சேற்றில் தேடுவதற்கு லேசர் தேறாது. அங்கே சோனாரே போதும். லேசர் 12 மீட்டர் வரை எட்டும் கரையோர நீரில், சோனார் காட்டிக்கொடுத்த பொருள் கண்ணிவெடியா பாறையா என்று உறுதி செய்ய அதற்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. சேற்றில் லேசருக்குக் கையெட்டும் தூரத்து வேலை உண்டு, குழாய்ப் பற்றவைப்பின் விரிசலை அளப்பது போல. கருவியின் எட்டலை மீட்டரில் மட்டும் போட்டு, சோதித்த நீரின் தேய்வு நீளத்தைச் சொல்லாத விளம்பரத் தாளை விலைப்பேச்சுக்கு முன்பே திருப்பி அனுப்பிவிடலாம்.