கிருமி இல்லாத இடத்தில் மாத்திரை

மூன்று மாதத்தைத் தாண்டிய விரை வலி. சிறுநீர்ப் பரிசோதனையில் கிருமி இல்லை, ஸ்கேனிலும் ஒன்றுமில்லை. அதற்குப் பிறகும் ஆன்டிபயாடிக் எழுதித் தருவதை மருத்துவ நண்பர் ஒருவர் அண்மையில் நியாயப்படுத்தினார். "கொடுத்துப் பார்ப்பதில் என்ன நஷ்டம்? சிலருக்குக் குறையத்தானே செய்கிறது" என்றார். பல ஆண்டுகளாக நான் ஏற்க மறுக்கும் வாதம் இது.

திடீர் வலி, வீக்கம், காய்ச்சலோடு வருகிறவருக்கு, விரை முறுக்கிக்கொள்ளவில்லை என்று உறுதிசெய்துகொண்டு ஆன்டிபயாடிக் தருவது சரியான வைத்தியம்தான். நாள்பட்ட வலி அப்படியல்ல. வேரிகோசில் எனும் விரைப்பை நாள வீக்கம், குடலிறக்க அறுவையில் சிக்கிய நரம்பு, இடுப்புத்தளத் தசைகளின் இறுக்கம், சிறுநீர்க்குழாய்க் கல்லிலிருந்தோ முதுகெலும்பிலிருந்தோ இறங்கும் வலி என்று காரணங்கள் பல. ஆண் கருத்தடை செய்துகொண்டவர்களில் 100 பேரில் ஓரிருவருக்கு வலி தங்கிவிடுகிறது. இவற்றில் எதையும் சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஆன்டிபயாடிக் தீர்க்காது.

பிறகு ஏன் குறைகிறது? இந்த வலி தானாகவே ஏறி இறங்கும். தாங்க முடியாத நாளில்தான் ஆண்கள் மருத்துவரிடம் போகிறார்கள். அடுத்த பத்து நாளில் அது பெரும்பாலும் இறங்கிவிடும். கூடவே வலி மாத்திரையும் இருக்கும். ஆன்டிபயாடிக்குகள் சிலவற்றுக்கு அழற்சியைத் தணிக்கும் குணமும் உண்டு. பெயர் மட்டும் கிருமியை ஒழித்த மருந்துக்குப் போகிறது. வலி திரும்பினால், "கிருமி முழுசாப் போகலை" என்று இன்னும் வீரியமாக அடுத்த கோர்ஸ்.

நஷ்டம் இல்லையாம்! சிப்ரோஃப்ளாக்சசின் வகை மருந்துகளால் தசைநாண் கிழியலாம் என்று அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2008இலேயே கட்டமிட்டு எச்சரித்தது. பாக்டீரியா காரணமில்லாத நாள்பட்ட புராஸ்டேட் அழற்சி போன்றவற்றுக்கு இவற்றைத் தரக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2018இல் வெளிப்படையாகவே சொன்னது.

என்னை அதிகம் வதைப்பது வேறொன்று. 'கிருமி' என்ற அந்த ஒரு சொல் வீட்டுக்குள் நுழைந்து செய்யும் வேலை. "எங்கேயிருந்து வந்துச்சு?" என்று மனைவி கேட்கிறாள். கேட்காவிட்டாலும் கேட்டதாகவே கணவனுக்குத் தோன்றுகிறது. அண்ணன் தம்பியிடம்கூடச் சொல்லக் கூசும் வலி. அதன் மேல் செய்யாத தப்பின் பழி வேறு. இத்தனைக்கும் காரணம் மருத்துவர் அரை நிமிடத்தில் எழுதிய சீட்டு. கையால் தொட்டுப் பார்த்திருந்தால், இடுப்புத்தளத் தசையை அழுத்திச் சோதித்திருந்தால், விந்து நாணில் மரப்பு ஊசி போட்டு வலி அடங்குகிறதா என்று பார்த்திருந்தால் வழி தெரிந்திருக்கும். ஊசியில் அடங்கினால் அந்த நாணில் ஓடும் நரம்புகளைத் துண்டிக்கும் நுண்ணறுவையை யோசிக்கலாம். தசை இறுக்கம் என்றால் பிசியோதெரபி. இல்லையென்றால் நரம்பு வலிக்குத் தரும் அமிட்ரிப்டிலின், குறைந்த அளவில். காரணமே அகப்படாதவர்களும் நிறைய. அவர்களிடம் "கிருமி இல்லை, உங்களால் யாருக்கும் எதுவும் ஒட்டாது" என்று, முடிந்தால் மனைவியையும் உட்காரவைத்து, மருத்துவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்.