முதல் இரண்டு வாரத் தாராளம்

‘ஹொன்காய்: ஸ்டார் ரெயில்’ விளையாட்டைப் புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு வாரங்களில் கிடைப்பதுபோல அதன் பிறகு எப்போதும் கிடைப்பதில்லை. அந்த ஆட்டத்தின் சிறப்பு, சிக்கல் இரண்டையும் அளக்க நான் இங்கிருந்துதான் தொடங்குவேன்.

ஷாங்காயைச் சேர்ந்த மிஹோயோ நிறுவனம் 2023 ஏப்ரல் 26 அன்று கணினிக்கும் கைபேசிக்கும் வெளியிட்ட ஆட்டம் இது. அதே ஆண்டு ‘தி கேம் அவார்ட்ஸ்’ விழாவில் சிறந்த கைபேசி விளையாட்டு என்ற விருதைப் பெற்றது. விலை கிடையாது, யாரும் இறக்கிக்கொண்டு ஆடலாம். நிறுவனத்துக்கு வருமானம் பெரும்பாலும் காச்சாவிலிருந்து வருகிறது. ஜப்பானில் கடை வாசல்களில் காசு போட்டுத் திருகினால் பிளாஸ்டிக் உருண்டைக்குள் ஏதோ ஒரு பொம்மை வந்து விழும் இயந்திரங்கள் உண்டு. இன்ன பொம்மைதான் வரும் என்று சொல்ல முடியாது. அந்த ஏற்பாட்டைக் கைபேசித் திரைக்குள் கொண்டுவந்து, பொம்மைக்குப் பதில் கதாபாத்திரங்களை வைத்தால் காச்சா ஆகிவிடும்.

கடைக்குப் போகுமுன் சண்டையைப் பார்த்துவிட வேண்டும். அது உண்மையிலேயே நன்றாக அமைந்த ஒன்று. நம் பக்கம் நான்கு பேர். முறை வரும்போது ஒருவர் சாதாரண அடி கொடுக்கலாம், அல்லது தன் தனித்திறனைக் காட்டலாம். சாதாரண அடி கொடுத்தால் ‘ஸ்கில் பாயின்ட்’ ஒன்று சேரும்; தனித்திறனைக் காட்டினால் ஒன்று கரையும். இந்தப் புள்ளிகள் நால்வருக்கும் பொது. தொடக்கத்தில் மூன்று இருக்கும், ஐந்துக்கு மேல் சேராது.

விதி இவ்வளவுதான். ஆனால் முதல் வாரத்தில் கையில் இருப்பவர்களை வைத்து ஆடும்போது இதன் அழுத்தம் புரியும். டான் ஹெங் ஈட்டியை வீச ஒரு புள்ளி கேட்பான். மார்ச் செவன்த் அடிபட்டவருக்குக் கேடயம் போட ஒன்று வேண்டும். நடாஷா காயத்தை ஆற்ற இன்னொன்று. மூன்றும் தீர்ந்தது, நாலாவது ஆள் என்னதான் வல்லவராக இருந்தாலும் வெறும் அடியோடு திருப்திப்பட வேண்டும். அடுத்த சுற்றில் யார் விட்டுக்கொடுப்பது, யாருடைய காயத்தை இன்னும் ஒரு முறைக்குப் பொறுத்துக்கொள்ளலாம் என்று யோசித்தே ஆக வேண்டும். எல்லாரையும் எல்லாவற்றையும் செய்ய விடாததுதான் இந்தச் சண்டையின் சுவை.

திரையின் இடது ஓரத்தில், அடுத்து யார் முறை என்று முகங்கள் வரிசையாகத் தெரியும். இந்த வரிசைக்குப் பின்னால் எளிய வகுத்தல் ஒன்று இருக்கிறது: 10,000-ஐ ஒருவரின் வேகத்தால் வகுத்தால் அவர் எத்தனை அலகு காத்திருக்க வேண்டும் என்பது வரும். வேகம் 100 என்றால் 100 அலகு. ‘மெமரி ஆஃப் கேயாஸ்’ என்ற பிற்காலச் சோதனையில் முதல் சுற்றின் நீளம் 150 அலகு. வேகம் 134 உள்ளவர் அந்தச் சுற்றுக்குள் இரண்டு முறை அடித்துவிடுவார். 133 உள்ளவருக்கு இரண்டாவது முறை மயிரிழையில் தவறிவிடும். ஒரே ஒரு வேகப் புள்ளி ஒரு முழு அடியைக் கூட்டவோ குறைக்கவோ செய்கிறது. இதோடு ‘அல்டிமேட்’ என்ற பெருந்தாக்குதலை, அதற்கான சக்தி நிரம்பியிருந்தால், முறைக்குக் காத்திராமல் எப்போது வேண்டுமானாலும் நடுவில் நுழைக்கலாம். எதிரிக்குப் பிடிக்காத தன்மையால் திரும்பத் திரும்ப அடித்து அதன் உறுதியை உடைத்தால் அதன் முறை பின்னுக்குப் போகும். வரிசையைப் படிக்கத் தெரிந்தவருக்கு அதை மாற்றியமைக்கவும் தெரியும். பகடையை நம்பாமல் கணக்கை நம்பும் சண்டை இது.

கதையும் இந்தத் தொடக்கத்துக்குத் துணை நிற்கிறது. பனியில் உறைந்த பெலோபோக் நகரத்து அத்தியாயத்தின் முடிவில் நகரத் தலைவி கொகோலியாவோடு ஒரு நீண்ட சண்டை வரும். நடுவில் நாயக பாத்திரம் வீழ்த்தப்பட்டு, எரியும் ஈட்டியோடு மீண்டும் எழுந்து நிற்கும். அதுவரை வெறும் உடல்வலுவால் அடித்துக்கொண்டிருந்த பாத்திரம் அந்தக் கணத்திலிருந்து நெருப்புத் தன்மைக்கு மாறுகிறது; கொகோலியாவுக்கு ஆகாதவற்றில் நெருப்பும் ஒன்று. கதையில் நடந்த மாற்றம் அடுத்த அடியிலேயே கைக்குப் பயன்படுகிறது. இதற்குக் காசு வேண்டாம், அதிர்ஷ்டமும் வேண்டாம். இந்த ஆட்டம் எவ்வளவு நல்லதாக இருக்க முடியும் என்று யாராவது கேட்டால் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

இனி கடை. ஒரு குலுக்கலுக்கு ‘ஸ்டெல்லார் ஜேட்’ என்ற ஆட்ட நாணயம் 160 வேண்டும். உச்சத்தரமான ஐந்து நட்சத்திரக் கதாபாத்திரம் வர ஒவ்வொரு குலுக்கலிலும் இருக்கும் வாய்ப்பு 0.6 சதவீதம். 90-வது குலுக்கலில் கட்டாயம் ஒன்று வந்துவிடும். இந்த உறுதியை ஆடுபவர்கள் ‘பிட்டி’ என்கிறார்கள். எழுபதுகளின் நடுப்பகுதியிலிருந்தே வாய்ப்பு வேகமாக ஏறுவதால் பலருக்கு 90-க்கு முன்பே வந்துவிடும். ஆனால் அதற்கு முந்திய 73 குலுக்கல்களில் 0.6 சதவீதத்தை மட்டும் வைத்துக் கணக்கிட்டால், நூறு பேரில் ஏறத்தாழ 35 பேருக்கே கிடைத்திருக்கும். வந்த பிறகும் ஒரு தடை உண்டு. வந்தவர் நாம் விரும்பிய அப்போதைய சிறப்புக் கதாபாத்திரமாக இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதி. தவறினால் அடுத்த ஐந்து நட்சத்திரம் உறுதியாக அவர்தான். ஆக, மிக மோசமான நிலையில் ஒருவரைப் பெற 180 குலுக்கல், அதாவது 28,800 ஜேட்.

இந்த எண்ணைப் புதியவர் யாரும் உணர்வதில்லை. உணராதபடிதான் தொடக்கம் அமைந்திருக்கிறது. முதல் நாட்களில் ஒவ்வொரு மூலையிலும் புதையல் பெட்டி, ஒவ்வொரு நிலை ஏற்றத்துக்கும் பரிசு, சாதனைகளுக்கு ஜேட், கதை நகர நகரக் குலுக்கல் சீட்டுகள். தொடக்கக்காரருக்கென்றே ஒரு குலுக்கல் வரிசை உண்டு: பத்துக்கு எட்டுச் சீட்டு கொடுத்தால் போதும், 50 குலுக்கலுக்குள் ஹிமெகோ, வெல்ட், ப்ரோன்யா போன்ற ஏழு பேரில் ஒருவர் கட்டாயம் கிடைப்பார். திருகினால் வருகிறது, மறுபடி திருகினால் மறுபடி வருகிறது என்ற பழக்கம் இங்கே உருவாகிறது.

திறந்த பெட்டி மறுபடி நிரம்பாது. வரைபடங்களைச் சுற்றி முடித்ததும் மிஞ்சுவது அன்றாடப் பணிகள். நாளுக்கு 60 ஜேட். அதை மட்டும் நம்பினால் 90 குலுக்கலுக்கு 240 நாள் ஆகும். ஏறத்தாழ ஆறு வாரத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்பின் கதை, விழாப் போட்டிகள், சோதனைகள் ஆகியவை இந்தக் காத்திருப்பைக் கணிசமாகக் குறைக்கின்றன என்பதையும் சொல்லியாக வேண்டும். பணம் கொடுக்காமலே பல மாதம் சேமித்து விரும்பியவரைப் பெறுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஆனாலும் முதல் இரண்டு வாரம் மனதில் பதித்த வேகத்துக்கும் அதன் பிறகான வேகத்துக்கும் நடுவே பெரிய பள்ளம் இருக்கிறது. அந்தப் பள்ளத்தின் ஓரத்தில்தான் பணம் வாங்கும் கடை திறந்திருக்கிறது. கொடுப்பது தவறில்லை. கொடுத்துப் பழக்கிய அளவை, அது குறையப்போகிறது என்று சொல்லாமலே குறைப்பது தவறு.

பிட்டி விதியையும் இரண்டு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. எல்லையில்லாமல் பணம் கரைவதை அது தடுக்கிறது. எண்ணிக்கை ஒரு வரிசையிலிருந்து அடுத்த சிறப்பு வரிசைக்கும் தொடர்வதால் சேமிப்பு வீணாகாது. முந்தைய தலைமுறைக் காச்சா ஆட்டங்கள் பலவற்றில் இந்த உறுதி இருந்ததில்லை. அதே விதிதான் 60 குலுக்கல் கடந்தவரிடம் ‘இன்னும் கொஞ்சம்தானே’ என்று சொல்லிக் காசை எடுக்க வைப்பதும். பாதுகாப்பாக இருப்பது எந்தப் புள்ளியில் தூண்டிலாகிறது என்பதை ஆடுபவர் முன்கூட்டியே முடிவு செய்துகொள்ள வேண்டும். 180 குலுக்கலுக்கான ஜேட் கையில் சேராதவரை சிறப்பு வரிசையைத் தொடாமல் இருப்பது ஒன்றுதான் இதற்கு எனக்குத் தெரிந்த நேர்மையான வழி. கடினமான வழிதான்.

பணம் எப்படி ஜேட் ஆகிறது என்பதில் இன்னொரு குறை ஒளிந்திருக்கிறது. டாலர் கொடுத்து வாங்குவது ‘ஒனைரிக் ஷார்ட்’. அது ஜேட்டாக மாறும். ஜேட் சீட்டாக மாறும். சீட்டு குலுக்கலாகும். ஒவ்வொரு படியிலும் விலை கண்ணிலிருந்து ஓரடி தள்ளிப் போகிறது. பெரிய பொட்டலம் 99.99 டாலருக்கு 6,480. முதல் முறை இரட்டிப்பு கிடைக்கும். அதுவும் ஒரு தொடக்கத் தாராளம்தான். அடுத்தடுத்த முறைகளில் 1,600 கூடுதலாகச் சேர்ந்து 8,080 கிடைக்கும்; இது 50 குலுக்கலுக்குக் காணும். மோசமான நிலையின் 180 குலுக்கலுக்கு, இந்த வீதத்தில், 350 டாலருக்கு மேல் ஆகும். விலை கொடுத்து வாங்கும் முழு ஆட்டங்கள் பலவற்றுக்கான தொகை ஒரே ஒரு கதாபாத்திரத்துக்குப் போய்விடும். இந்தப் பெருக்கலைத் திரை எங்கும் போட்டுக் காட்டாது.

கதாபாத்திரம் கிடைத்த பிறகும் குலுக்கல் முடிவதில்லை என்பது பலருக்குத் தாமதமாகத்தான் தெரியவருகிறது. ஒவ்வொருவரும் ஆறு ‘ரெலிக்’ அணிய வேண்டும். அவற்றின் தன்மைகள் தற்செயலாக அமையும். தேடிப் போகும் ஒரு முறைக்கு 40 ஆற்றல் செலவு. ஆறு நிமிடத்துக்கு ஒன்று என்று ஊறும் ஆற்றலில் அந்த 40 மீண்டும் சேர நான்கு மணி நேரம். வேகம் வேண்டிய காலணியில் வேறேதாவது வந்து நிற்கும். முதன்மைத் தன்மையை நாமே தேர்ந்துகொள்ள ஒரு பொருள் உண்டு, ஆனால் அது அரிதாகவே கிடைக்கும். இந்தக் குலுக்கலுக்கு 90-வது முறை உறுதி போன்ற எதுவும் கிடையாது. காசு கேட்காததால் இதை யாரும் பெரிதாகக் குறை சொல்வதில்லை. நேரத்தைக் கேட்கிறது. அதுவும் தானியங்கிப் பொத்தானை அழுத்திவிட்டு, இரட்டை வேகத்தில், பார்க்காமலே கழிக்கும் நேரம். அவ்வளவு கவனமாக அமைத்த சண்டையை அன்றாடம் யாரும் ஆடாமல் ஓடவிடும்படி செய்தது இந்த ஆட்டத்தின் மீது எனக்குள்ள பெரிய வருத்தம். புதியவர்கள் தொடக்க வாரங்களில் ரெலிக்கைத் துரத்தாமல், கதாபாத்திரங்களின் நிலையையும் திறன்களையும் உயர்த்த ஆற்றலைச் செலவிடுவதே நல்லது.

தொடங்குமுன் தரவரிசைப் பட்டியலைப் பார்ப்பது இப்போது வழக்கமாகிவிட்டது. வேண்டியவர் வரும்வரை கணக்கை மாற்றி மாற்றித் தொடங்குகிறவர்களும் உண்டு. அரிய பொருட்களைத் தவறான ஆளுக்குச் செலவிடாமல் பட்டியல் காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் பட்டியல் கடையின் கண்ணால் பார்க்கிறது: இன்று விற்பனைக்கு இருப்பவர் பெரும்பாலும் முன்னால், இலவசமாக வந்தவர் பெரும்பாலும் பின்னால். உண்மையில், பின்னால் வரும் பெனகோனி அத்தியாயத்தில் எந்தச் செலவும் இல்லாமல் கிடைக்கும் நாயக பாத்திரத்தின் ‘ஹார்மனி’ வடிவம், எதிரியின் உறுதியை உடைக்கும் அணிகளுக்கு நீண்ட காலம் முதுகெலும்பாக இருந்தது. 2023 டிசம்பர் இறுதியில் வந்த 1.6 பதிப்பில் ஐந்து நட்சத்திர டாக்டர் ரேஷியோவை எல்லாருக்கும் இலவசமாகக் கொடுத்தார்கள். அஸ்டா, நடாஷா போன்ற எளிய கதாபாத்திரங்களை வைத்துப் பெலோபோக்கைக் கடந்தவருக்கு ஸ்கில் பாயின்டின் அருமை தெரிந்திருக்கும். முதல் நாளே வலுவான ஐந்து நட்சத்திரத்தோடு வந்தவர் அதை வெகுநாள் கழித்து, எதிரிகளின் உயிர் அளவு பதிப்புக்குப் பதிப்பு ஏறிய பிறகு கற்க வேண்டியிருக்கும். அந்த ஏற்றமும் தற்செயலானதல்ல. பழைய கதாபாத்திரங்கள் மெல்லப் போதாமல் போனால்தான் புதியவர்கள் விற்பார்கள்.

அரசுகள் இதைக் கவனிக்காமல் இல்லை. சில அட்டைகளை முழுத் தொகுதியாகச் சேர்த்தால்தான் பரிசு என்ற ‘கம்ப்ளீட் காச்சா’வை ஜப்பான் 2012-இல் தடுத்தது. வாய்ப்பு விகிதத்தை வெளியிட வேண்டும் என்ற விதி சீனாவில் 2017-இல் நடைமுறைக்கு வந்தது. அதனால்தான் 0.6 என்ற எண்ணை இன்று யாரும் திரையில் படித்துக்கொள்ள முடிகிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவின் கூட்டாட்சி வணிக ஆணையம், இதே நிறுவனத்தின் ‘கென்ஷின் இம்பாக்ட்’ தொடர்பான வழக்கில் 2 கோடி டாலருக்குத் தீர்வு கண்டது. பெற்றோர் ஒப்புதல் இல்லாமல் 16 வயதுக்குட்பட்டவர்களுக்குக் குலுக்கலை விற்கக் கூடாது என்றது. பல அடுக்கு நாணயங்களின் மாற்று விகிதத்தைச் சொல்ல வேண்டும் என்றது. நேரடியாகப் பணத்திலேயே வாங்கும் வழியும் இருக்க வேண்டும் என்றது.

இந்த மூன்றாவது நிபந்தனை எல்லா நாட்டிலும், எல்லாக் காச்சா ஆட்டத்திலும் வர வேண்டும் என்பேன். அதோடு ஒன்றைக் கூட்டுவேன்: பத்துக் குலுக்கலுக்கு 1,600 ஜேட் என்று போட்டிருக்கும் பொத்தானின் பக்கத்திலேயே, அதே எழுத்தளவில், ஏறத்தாழ 20 டாலர் என்றும் அச்சிட வேண்டும். அந்தந்த நாட்டு நாணயத்தில் காட்டினால் இன்னும் நல்லது. காசு செலவழிக்கத் தொடங்கிய பிறகு அல்ல, இலவசச் சீட்டு கையில் குவிந்திருக்கும் முதல் நாளிலிருந்தே அதைக் காட்ட வேண்டும். ஸ்கில் பாயின்ட் எத்தனை மிச்சம் என்று சண்டைத் திரை எப்போதும் காட்டிக்கொண்டிருக்கிறது. அதே தெளிவைக் கடைத் திரையிலும் காட்ட இவர்களுக்குத் தெரியாமல் இல்லை.