தேவகுமாரன் என்னும் சொல்லும் அதன்மேல் எழுந்த வழக்கும்

இறைவனுக்கு மகனுண்மை கிறித்தவர்க்கு உடன்பாடு, இசுலாமியர்க்கு மறுப்பு. இவ்விருதிறத்தார் கொள்கையையும் ஒப்பவைத்து எழுதுவார் பலர், இருவரும் ஒரு பொருளையே கருதி வழக்கிடுகின்றனரா என்பதனை முன்னர்த் தெளியாது முடிபு கூறிவிடுகின்றனர். அக்குறையே ஈண்டு ஆராயப்படுவது.

திருக்குர்ஆனின் மறுப்புப் பெரும்பாலும் 'வலது' என்னும் அரபுச் சொல்மேல் நிற்பது. ஈனுதலைக் குறிக்கும் வேரினின்று தோன்றியது அச்சொல். 6-ஆம் அத்தியாயம், துணைவியின்மை காட்டிப் பிள்ளையின்மையை நிறுவுதலும் இதுபற்றியே. 'இப்னு' என்பதோ அத்துணைக் குறுகியதன்று. வழிப்போக்கனை 'வழியின் மகன்' எனப் பொருள்படும் 'இப்னுஸ் ஸபீல்' என்னுந் தொடராலேயே அந்நூல் சுட்டும். தமிழினும் குடிமகன், பெருமகன் என்புழி மகன் என்பது பிறப்புக் குறியாமை காண்க.

கிறித்தவத் திருச்சபையோ உடற்கூட்டத்தாற் பெற்ற மகன் என ஒருகாலும் கூறிற்றன்று. 325-இல் நிசேயாவிற் கூடிய ஆயர் பேரவை, மகன் படைக்கப்பட்டவனல்லன், தந்தையோடு ஒரே உள்பொருளினன் என அறுதியிட்டது. ஆகவே துணைவியின்மை என்னும் ஏது அக்கோட்பாட்டின்மேல் நேரே சென்று தைப்பதன்று. இவ்வேதுவைக் கடன்வாங்கிக் கிறித்தவரோடு வாதிடப் புகும் சைவர், உமாபதியை வணங்கும் தமக்கே அது முதற்கண் இடராமென்பதை எண்ணிற்றிலர் போலும்!

அற்றேல், இது வெறுஞ் சொற்பூசலே, பொருளில் வேற்றுமையில்லை எனச் சமரசம் பேசுவார் கூற்று அமையுமோவெனின், அமையாது. இயேசு கன்னியிடம் பிறந்தமையைக் குர்ஆன் உடன்படும். அவரை இறைவனது சொல் எனவும் சிறப்பிக்கும். அங்ஙனமிருந்தும் 3-ஆம் அத்தியாயத்தில் அவரை மண்ணினின்று படைக்கப்பட்ட ஆதமோடு ஒப்பிடுகின்றது. தந்தையின்றித் தோன்றுதல் மகன்மைக்குச் சான்றாகாது என்பதே அதன் கருத்து. நிசேயாவில் விலக்குண்ட ஆரியசு, மகனும் படைக்கப்பட்டவனே என்றவர். ஆயினும் அம்மகன் வாயிலாகவே உலகம் படைக்கப்பட்டது எனக் கொண்டமையின், அவர் கொள்கையும் முசுலிம்கட்கு ஒவ்வாது. ஈனுதல் என்னும் பொருளை முற்றும் நீக்கினும், படைத்தோனுக்கும் படைப்புக்கும் இடையிலுள்ள வரம்பைப் பற்றிய வழக்கு அவ்வாறே எஞ்சிநிற்கும்.

சைவநூல்கள் கூறும் சற்புத்திர மார்க்கம் இவ்விரண்டனுள்ளும் அடங்காது. சம்பந்தரை ஆளுடைய பிள்ளையார் என்றல் வழிபாட்டு நெறிபற்றியது. உயிர் அநாதியாகலின், அது பதியாற் படைக்கப்பட்டதுமன்று, பதியினின்று பிறந்ததுமன்று.

இனி, மொழிபெயர்ப்பாளர்க்கு நேர்ந்த இடர்ப்பாடு நோக்கற்பாலது. 1871-இல் வெளிவந்த கூட்டுத் திருப்புதல் 'தேவகுமாரன்' என்றது. 1995-இல் வெளிவந்த திருவிவிலியம் 'இறைமகன்' என்றது. சிறுசேரிக்கு அணித்தாகிய கடற்கரைக் கோவளத்தில் மாதா கோயிலும் தமீம் அன்சாரி தர்காவும் ஓரூரிலேயே உள்ளன. தெற்கே திருப்போரூரில் கந்தசாமி கோயில் கொண்டுள்ளார். இவ்வட்டாரத்தார் செவியில் 'குமாரன்' என்னுஞ் சொல் முதற்கண் முருகனையே நினைப்பிக்கும். 'குமாரன்' என்பதனை நீக்கியது அவ்வகையில் நன்றே. ஆயினும் 'மகன்', பெருமகன் என்பதுபோல உபசாரமாய் நெகிழ்ந்து பொருள்கொள்ள இடந்தருவது. முசுலிமின் ஐயத்தைச் சிறிது தணிக்கும் அந்நெகிழ்ச்சியே, நிசேயா வற்புறுத்திய ஒருபொருண்மையையும் தளர்த்திவிடுகின்றது. இரண்டுங் காக்குஞ் சொல் தமிழில் இன்னும் அமைந்திலது.