ஓர் எண்ணும் அதன் அகலமும்

புவிநடுக்க அபாயத்தை மதிப்பிடும் அறிஞர் தம் முடிபைப் பெரும்பாலும் ஓர் எண்ணிலே அடக்குவர். 50 ஆண்டில் நூற்றுக்குப் பத்து நிகழ்தகவுடைய அதிர்வைப் பல நாடுகளின் கட்டட விதிகள் அளவாகக் கொள்கின்றன. அதனையே 475 ஆண்டுக்கு ஒருமுறை நேர்வது என்றும் கூறுவர். கேட்போரோ, ஒருமுறை நேர்ந்தால் 475 ஆண்டுக்கு அச்சமில்லை எனப் பொருள் கொள்வர். அவ்வெண் காட்டுவதினும் மறைப்பதே மிகுதி என்பது நம் கருத்து.

ஐயம் இருவகைப்படும். ஒன்று இயற்கையின்பாற்பட்டது, பகடை எம்முகம் காட்டும் என்பது போல்வது. மற்றையது நம் அறிவின்பாற்பட்டது. பகடைக்கு எத்தனை முகம் என்பதையே அறியாமை. பின்னையதைக் கையாள, மாறுபட்ட கொள்கைகளைக் கிளைகளாக விரித்து, ஒவ்வொன்றிற்கும் ஒரு நிறை வழங்குவர். அந்நிறை அளந்து கண்டதன்று, அறிஞர்தம் துணிபே. முடிவிற் கிளைகள் யாவும் ஒரு சராசரியிற் கரைய, அவர்தம் கருத்து வேற்றுமையும் கண்ணுக்கு மறைகின்றது.

விரிக்கப்படாத கிளையின் கொடுமையை 2004 டிசெம்பர் 26 காட்டிற்று. அமிழும் தட்டு இளையதாயும் விரைந்து நகர்வதாயும் உள்ளவிடத்தே மிகப்பெரு நடுக்கம் தோன்றும் என்னுங் கருத்தை ரஃப், கனமோரி ஆகிய இருவரும் 1980இல் முன்வைத்தனர். அந்தமான் பகுதித் தட்டோ பழையது, மெல்ல நகர்வது. ஆதலின் 9ஐ எட்டும் நடுக்கம் ஆங்கு எதிர்பார்க்கப்படவில்லை. நேர்ந்ததோ 9.1. நமக்கு அது நில அதிர்வாக அன்றி அலையாகவே வந்தது. இலங்கையில் 30,000க்கு மேற்பட்டோர் மாண்டனர்.

பின்னர் அரசு, வடக்கு கிழக்கிற் கடலோரம் 200 மீற்றரும் தெற்கு மேற்கில் 100 மீற்றரும் கட்டடம் எழுப்பலாகாத எல்லையென வகுத்தது. சில காலத்துள் அதனைத் தளர்த்தியது. ஐயத்தை ஒரு கோடாக வரைந்தமை பொருந்துமா? மட்டக்களப்பு–திருகோணமலைப் பெருவீதி களப்பைக் கடக்கும் பனிச்சங்கேணியிலே ஒருபுறம் கடல், மறுபுறம் களப்பு. முகத்துவாரத்தின் வழியே நீர் புகக்கூடிய ஊரில், கடலிலிருந்து எத்தனை மீற்றர் என்பது பாதி வினாவே. மேலும், மீனவர் வாடி துறையருகே இருந்தே ஆகவேண்டும், வைத்தியசாலைக்கு அத்தேவையில்லை. இரண்டிற்கும் ஒரே கோடு!

கோட்டைப் போன்றதே சராசரியும். ஆச்சேக் கரையின் குகையொன்றிற் படிந்த மணற்படைகளைப் பற்றிய ஆய்வு 2017இல் வெளிவந்தது. 7,400 ஆண்டுகளுக்கு முன்னிருந்து 2,900 ஆண்டுகளுக்கு முன்வரை குறைந்தது 11 பேரலைகள். சராசரி இடைவெளி ஏறத்தாழ 450 ஆண்டு. ஆயின் ஓரிடைவெளி 2,000 ஆண்டைக் கடந்தது. பிறிதொருகால் ஒரு நூற்றாண்டினுள்ளேயே பல அலைகள் எழுந்தன. 450 என்பதை மட்டும் எழுதி, இவ்வகலத்தை அடிக்குறிப்பில் ஒதுக்கும் அறிக்கை, கரையோர மக்களுக்குக் குறையறிவையே வழங்கும்.

நம் களப்புகளின் சேறும் அத்தகைய ஏடுதான். அம்பாந்தோட்டைப் பகுதியின் கரகான் களப்பில் முற்காலப் பேரலைகளின் மணற்படைகளைக் கண்டுள்ளனர். பனிச்சங்கேணிக் களப்பைத் தோண்டுவோர் மற்றொன்றையும் எண்ணவேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சிதைத்தது போன்ற சூறாவளியும் கடல்மணலைக் களப்பினுள் தள்ளக்கூடும். எப்படை அலையினது, எப்படை புயலினது என்னும் ஐயமும் அவர்தம் கணக்கில் ஒரு கிளையாக இடம்பெறல் வேண்டும்.