பந்து இல்லாத படம்

தேவதானப்பட்டியில் எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவைச் சேர்ந்தவர் அந்த அண்ணன். சென்னையில் ஓர் அலுவலக அணிக்காக 12 வருடம் கூடைப்பந்து ஆடினார். முழங்கால் ஒத்துழைக்காமல் போகவே 36 வயதில் நிறுத்திக்கொண்டார். நிறுத்திய சில வாரங்களில் போன் வந்தது. "தம்பி, நீதேன் அம்புட்டுப் படம் எடுத்திருக்கியே. நான் ஆடுறாப்புல ஒண்ணு அனுப்பி விடுடா. அம்மா வீட்டுல மாட்டணுங்குது."

இதிலென்ன சிரமம் என்று நினைத்தேன். வார நாட்களில் மென்பொருள் எழுதுகிறவன் நான். ஆறு வருடமாகச் சனி, ஞாயிறுகளில் சென்னையின் உள்ளரங்கங்களில், கேலரியில் கேமராவோடு உட்கார்ந்திருப்பது பழக்கம். அவர் ஆடிய ஒன்பது ஆட்டங்கள் என் ஹார்டு டிஸ்கில் இருந்தன. ஏழாயிரத்துச் சொச்சம் படங்கள். இரண்டு இரவு உட்கார்ந்து தேடினேன். ஒரு முழங்கை கிடைத்தது. முதுகுகள் நிறைய. ஓரத்தில் வெட்டுப்பட்ட பாதி முகம். கலங்கிப்போன உருவங்கள். ஒரு தாய் சுவரில் மாட்டிக்கொள்ளும்படி ஒன்றுகூட இல்லை.

ஆட்டம் தெரியாதவன் எடுத்த படங்கள் என்றால் விட்டுவிடலாம். எனக்கு ஆட்டம் பார்க்கக் கற்றுக்கொடுத்தது பெரியகுளம். மே மாதம் வந்தால் அங்கே சில்வர் ஜூபிலி ஸ்போர்ட்ஸ் கிளப் நடத்தும் அகில இந்தியக் கூடைப்பந்துப் போட்டி. மாம்பழ சீசனும் அதுதான். தேவதானப்பட்டியிலிருந்து பஸ் ஏறிப் போய், ராணுவ அணி, வங்கி அணி, ரயில்வே அணி எல்லாவற்றையும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து வளர்ந்தோம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பெரியவர்கள், "பந்தைப் பாக்காதடா, பந்து இல்லாதவன் எங்கிட்டு ஓடுறான்னு பாரு" என்பார்கள். அந்தப் பாடம் கண்ணுக்குப் போனது. கையில் கேமரா வந்தபோது மறந்துவிட்டது. ஏன் என்பதே என் கேள்வி.

கூடைப்பந்துப் படம் என்றதும் நம் மனதில் வருவது ஒரு தாவல். அந்தப் படிமத்தை உறுதிப்படுத்தியவர்களில் ஒருவர் கோ ரென்ட்மீஸ்டர். 1984-இல் 'லைஃப்' பத்திரிகைக்காக மைக்கேல் ஜோர்டானை எடுத்தார். கால்களை இரு பக்கமும் விரித்து, இடது கையில் பந்தை உயர்த்தி, வானத்தில் நிற்பதுபோல ஜோர்டான். பாலே நடனத்தின் பாய்ச்சல் அசைவிலிருந்து எடுத்துக்கொண்ட நிலை அது. இடம் வட கரோலினா பல்கலைக்கழக வளாகத்தில் ஒரு புல்மேடு. வளையத்தைக் கொண்டுபோய் அங்கே நட்டார்கள். பெரிய ஃப்ளாஷ் விளக்குகள் வைத்தார்கள். இதே மாதிரித் தாவலைப் பின்னால் நைக்கி நிறுவனம் வேறொரு படமாக எடுத்து, அதிலிருந்து தன் இலச்சினையை உருவாக்கியது. ரென்ட்மீஸ்டர் 2015-இல் வழக்குப் போட்டார். 2018-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. அந்த நிலை மட்டும் ஒருவருக்குச் சொந்தமாக முடியாது என்பது தீர்ப்பின் சாரங்களில் ஒன்று.

வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதைவிட என்னை யோசிக்க வைத்தது வேறு. அந்தப் படம் எடுக்கப்பட்ட இடத்தில் ஆட்டமே நடக்கவில்லை. எதிரணி இல்லை, சக ஆட்டக்காரர் இல்லை, தரை இல்லை. அடுத்த புகழ்பெற்ற படம் வால்டர் யூஸ் 1987-இல் எடுத்தது. வாகனம் நிறுத்துமிடத்தின் தரைக்கு நீல வண்ணம் பூசி, மேலேயிருந்து எடுத்த ஜோர்டானின் டங்க். அதிலும் ஆட்டம் இல்லை. இரண்டுமே அழகான படங்கள், மறுக்கவில்லை. ஆனால் உலகம் முழுக்கக் கூடைப்பந்தை இப்படித்தான் எடுக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்த இரண்டு படங்களும், பத்துப் பேர் ஆடும் ஒரு விளையாட்டில் ஒன்பது பேரை நீக்கிவிட்டு எடுத்தவை. நான் கேலரியிலிருந்து செய்துகொண்டிருந்ததும் அதே வேலைதான். புல்மேட்டுக்குப் போக வசதியில்லாததால், ஜூம் செய்து ஒன்பது பேரை வெட்டிக்கொண்டிருந்தேன்.

இத்தனைக்கும் கேலரி இந்த விளையாட்டுக்கு அந்நியமான இடம் அல்ல. 1891 டிசம்பரில் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் குளிர்காலத்துக்கென்று ஓர் உள்ளரங்க விளையாட்டை யோசித்தபோது, இரண்டு பீச் பழக்கூடைகளை உடற்பயிற்சிக்கூடத்தின் மேல்மாடக் கைப்பிடியில் ஆணியடித்து மாட்டச் சொன்னார். அந்தக் கைப்பிடி பத்தடி உயரத்தில் இருந்தது. இன்றும் வளையம் 3.05 மீட்டரில், அதே பத்தடியில் இருக்கிறது. மேல்மாடத்தில் நின்றவர்கள் கையை நீட்டிப் பந்தைத் தட்டிவிட்டதால்தான் கூடைக்குப் பின்னால் போர்டு வந்தது. வளையத்தின் உயரத்தைத் தீர்மானித்ததே பார்வையாளர் நிற்கும் இடம் என்று சொல்லலாம்.

பத்திரிகைப் படக்காரர்கள் வளையத்துக்குக் கீழே தரையில் உட்காருகிறார்கள். அங்கிருந்து பார்த்தால் ஆட்டக்காரர் ராட்சதராகத் தெரிவார், பின்னணியில் விளக்கும் கூட்டமும் கலங்கியிருக்கும். கேலரியிலிருந்து பார்த்தால் பின்னணி தரைதான். 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் கொண்ட செவ்வகம், அதன் மேல் கோடுகள். யார் எந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம், யாருக்கும் யாருக்கும் நடுவே எத்தனை அடி என்பது அங்கிருந்துதான் தெரியும். ஆட்டத்தைப் படிக்க நல்ல இடம் அது. படிப்பதை விட்டுவிட்டுத் தாவலுக்குக் காத்திருந்தேன்.

முதலில் நான் சொல்லிக்கொண்ட சமாதானம் வெளிச்சம். எஞ்சினியர் அல்லவா, கணக்குப் போட்டேன். என் லென்ஸ் முழு ஜூமில் எஃப் 5.6. தொழில்முறைக்காரர்களின் எஃப் 2.8 லென்ஸ் அதைப்போல நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சில அரங்கங்களில் விளக்குகள் நொடிக்கு 100 முறை மங்கிப் பிரகாசிக்கும். அடுத்தடுத்த இரண்டு படங்கள் வேறு வேறு நிறத்தில் வரும். இந்த நிலையில் ஷட்டரை நொடியில் 250-இல் ஒரு பங்குக்கு மேல் வேகமாக்கினால் படத்தில் புள்ளி கொட்டும். அந்த நேரத்துக்குள், நொடிக்கு 6 மீட்டர் ஓடுகிறவர் 2.4 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகம் கலங்கிவிடும்.

தாவுகிறவர் அப்படியல்ல. 60 சென்டிமீட்டர் எம்பினால் அவர் காற்றில் இருப்பது சுமார் 0.7 நொடி. அதில் சரிபாதி நேரத்தை உயரத்தின் மேல் கால்பகுதியில், அதாவது கடைசி 15 சென்டிமீட்டரில் கழிக்கிறார். உச்சியில் அவருடைய செங்குத்து வேகம் பூஜ்யம். பார்க்கிறவருக்கு மிக வேகமாகத் தெரிகிற அந்தக் கணம்தான் கேமராவுக்கு மிக மெதுவான கணம். வீரப்படம் என்று நாம் கொண்டாடுவது, மங்கிய வெளிச்சத்தில் எடுக்க மிகச் சுலபமான படம்.

இந்தக் கணக்கு எனக்கு நிம்மதி தந்தது. அண்ணன் பந்து அடிக்கிறவர் இல்லை, தடுக்கிறவர். ஓயாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருப்பவர். ஆகவே கலங்கினார். தவறு பௌதிகத்தின் மேல். அவருக்கும் அப்படியே சொல்லி அனுப்பலாம் என்றிருந்தேன்.

அப்போது மைக்கேல் லூயிஸ் 2009-இல் நியூயார்க் டைம்ஸ் இதழில் ஷேன் பேட்டியரைப் பற்றி எழுதிய நீண்ட கட்டுரை நினைவுக்கு வந்தது. பேட்டியரின் புள்ளிவிவரங்கள் சாதாரணம். ஆனால் அவர் களத்தில் இருக்கும்போது அவருடைய அணி மேம்படுகிறது, எதிரணி சரிகிறது. அவர் செய்வது எதுவும் ஸ்கோர் அட்டையின் கட்டங்களில் விழுவதில்லை. கட்டுரையின் தலைப்பே 'புள்ளிவிவரம் இல்லாத நட்சத்திரம்' என்ற பொருள் தருவது. ஸ்கோர் அட்டைக்கு இருக்கும் குருடு புகைப்படத்துக்கும் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டே, அண்ணன் களத்தில் என்னதான் செய்தார் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். தடுத்தார், கத்தி இடம் சொன்னார், பந்தைக் கைமாற்றினார். நான்காவதாக எழுதியது: ஸ்க்ரீன் போட்டார்.

கணக்கு அங்கே உடைந்தது. ஸ்க்ரீன் என்பது, பந்து வைத்திருக்கும் தன் ஆளைத் துரத்தி வருகிறவனின் வழியில் போய் நின்று மறிப்பது. இதற்கு விதி கறாரானது. மறிப்பவர் அசையக் கூடாது, இரண்டு காலும் தரையில் இருக்க வேண்டும். அசைந்தால் ஃபௌல். அப்படியானால் அந்த ஆட்டங்களில் ஆட்டத்துக்குப் பதினைந்து, இருபது தடவை அவர் கல்லாக நின்றிருக்கிறார். உச்சியில் இருக்கும் தாவல்காரரைவிட அசைவற்று நின்றிருக்கிறார். என் லென்ஸுக்கும் அந்த வெளிச்சத்துக்கும் அதைவிடச் சுலபமான படம் அரங்கத்திலேயே கிடையாது. எடுக்காததற்குக் காரணம் வெளிச்சம் அல்ல, நான் பந்தின் பின்னால் போய்க்கொண்டிருந்தேன்.

மூன்றாவது இரவு மறுபடி உட்கார்ந்தேன். முதல் இரண்டு இரவும் பந்தோடு அவரைத் தேடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. இம்முறை பந்து தவறிப்போன படங்களைத் தேடினேன். நான் ஜூமைத் தப்பாகத் திருப்பியவை, ஃபோகஸ் முன்னால் போனவை, அழிக்கச் சோம்பல்பட்டு விட்டுவைத்தவை. கிடைத்தது. கால் அகட்டி, கைகளை மார்பில் குறுக்கே வைத்து நிற்கிறார். அவர் தோளில் எதிரணிக்காரரின் முழு எடையும் மோதுகிற கணம். அண்ணனின் கண் இறுக மூடியிருக்கிறது. தரைக்கோடுகள் கண்ணாடி மாதிரித் தெளிவு. வலது ஓரத்தில் அவருடைய சகா ஒருவர் பாதி உருவமாகக் கலங்கி வெளியேறுகிறார். பந்து அவரோடு படத்துக்கு வெளியே போய்விட்டது. கீழே, முன்வரிசைக்காரர் ஒருவரின் பின்னந்தலை.

கேலரிப் படம் எல்லாமே நேர்மை, தரைப் படம் எல்லாமே ஜோடனை என்று இதிலிருந்து முடிவு கட்ட மாட்டேன். கேலரியிலும் ஜூம் இருக்கிறது, ஆசை இருக்கிறது. தரையில் உட்கார்ந்தும் மறிப்பவரை எடுக்கலாம். நான் சொல்வது இவ்வளவே: ஆட்டத்தைப் படம் எடுக்கிறோம் என்று சொல்கிற எவரும், தன்னிடம் இருக்கும் படங்களை வைத்து அந்த ஆட்டம் எப்படி ஜெயிக்கப்பட்டது என்று விளக்க முடிகிறதா என்று ஒருமுறை சோதிக்க வேண்டும். 2022 ஏப்ரலில் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் தேசியக் கூடைப்பந்துப் போட்டி நடந்து, ஆண்கள் பிரிவில் தமிழ்நாடு கோப்பை வென்றது. அந்த வாரம் நான் எடுத்தவற்றை வைத்து அப்படிச் சோதித்தேன். யார் உயரம் தாண்டினார்கள் என்று சொல்ல முடிந்தது. எப்படி ஜெயித்தோம் என்று சொல்ல முடியவில்லை.

படத்தை அண்ணனுக்கு அனுப்பிவிட்டு, "பந்து இல்லண்ணே, பரவாயில்லையா?" என்று தயங்கித்தான் கேட்டேன். சிரித்தார். "ஏண்டா, நம்மூரு காமாச்சியம்மனுக்குச் சாத்துன கதவுக்குத்தேன பூசை நடக்குது. உள்ள யாரு இருக்கான்னு தெரியாமயா கும்புடுறோம்?"

ஊருக்குப் போனபோது அவர் வீட்டுக்கும் போனேன். படத்தைச் சட்டம் போட்டு டிவிக்கு மேலே மாட்டியிருந்தார்கள். அம்மா அதையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, அண்ணனிடம் கேட்டார்கள்: "பந்தையும் காணோம், எவனோ வந்து உன்னைய இடிக்கிறான். நீ பாட்டுக்கு நிக்கிறியேடா?"

"அதுக்குத்தேம்மா நின்னது" என்றார் அண்ணன்.