கண்ணும் கணக்கும்: இலங்கைக் கானக நூல்கள் மூன்று

வேட்டைக்காரரும் வழிப்போக்கரும் எழுதிய நூல்களை இலக்கியமென மதித்து ஆராய்தல் தகுமோ என ஐயுறுவார் உளர். அவை பொழுதுபோக்குக்கு உரியன என்பது அவர் கருத்து. எனினும், காட்டையும் விலங்கையும் பற்றி இன்று நம் மாணவர் எழுதும் பள்ளிக் கட்டுரை வரை, கண்டதைக் கூறும் முறை பெரும்பாலும் அந்நூல்களின் வழிப்பட்டதே. ஆதலின் ஆங்கில நூல்கள் மூன்றை எடுத்து, விலங்கைக் காணச் சென்றவன் உண்மையிற் கண்டது யாது என்னும் ஒரு வினாவை மட்டும் ஈண்டு எழுப்ப விரும்புகின்றேன். இவ்வினா எனக்கு நூலகத்திற் பிறந்ததன்று, வகுப்பறையிற் பிறந்தது. அதனைப் பின்னர்க் கூறுவேன்.

முதலாவது நூலின் கதை நம் வாயிலிலேயே தொடங்குகின்றது. புயலிற் பாய்மரமிழந்த 'ஆன்' என்னும் கப்பல் பழுதுபார்க்கவெனக் கொட்டியாரக் குடாவை அடைந்தது. அங்கு 1660ஆம் ஆண்டில் றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞனும் அவன் தந்தையும் தோழரும் கண்டியரசனின் ஆட்களாற் சிறைபிடிக்கப்பட்டனர். தந்தை சிறையிலேயே இறந்தார். மகன் மலைநாட்டுக் கிராமங்களில் தொப்பி பின்னி விற்றும், நெல்லைக் கடன்கொடுத்தும் பத்தொன்பது ஆண்டுகளைக் கழித்து, 1679இல் அரிப்பிலிருந்த ஒல்லாந்தர் கோட்டையை அடைந்து தப்பினான். 1681இல் அவனது நூல் இலண்டனில் வெளிவந்தது.

நொக்ஸின் நடை வறண்டது. அணியென்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. ஆயினும் அட்டைகள் நிறைந்த மழைக்காலப் பாதையை அவன் கூறுமிடத்தைப் படித்தவர் மறவார். எலுமிச்சைத் துண்டையும் உப்பையும் துணியில் முடிந்து, கோல் நுனியிற் கட்டி, காலில் ஒற்றி ஒற்றி அட்டையை வீழ்த்திச் செல்லும் வழக்கத்தை அவன் குறித்துள்ளான். எறும்பின் வகைகளை ஊரார் வழங்கும் பெயர்களோடு ஒவ்வொன்றாகக் கூறுகின்றான். யானையும் அங்கே உண்டு. ஆனால் அட்டைக்கும் எறும்புக்கும் உரிய இடத்தை அது பறித்துக்கொள்ளவில்லை. விலங்கைக் காண அவன் எங்கும் செல்லவில்லை. விலங்குகளோடு மனிதர் வாழும் ஊரில் அவனும் வாழ்ந்தான். அவ்வளவே வேறுபாடு, அது சிறிதன்று.

நுவரெலியாவிற் குடியேறிய சாமுவேல் பேக்கரின் 'இலங்கையில் துப்பாக்கியும் வேட்டைநாயும்' 1854இல் வெளிவந்தது. மூன்று ஆசிரியருள்ளும் எழுத்தாற்றல் மிக்கவர் இவரே. மின்னேரியாக் குளக்கரையை வருணிக்கும்போது நீரும் புல்லும் தொலைவுக் காடும் நம் கண்முன் வந்து நிற்கின்றன. ஆனால் துப்பாக்கி தோளுக்கு ஏறியதும் அக்கண் மூடிக்கொள்கின்றது. யானையின் நெற்றியில் குண்டு புகவேண்டிய இடமும், துப்பாக்கியின் எடையும், வீழ்ந்தவற்றின் தொகையும் மிஞ்சுகின்றன. பத்தாவது யானைக்கும் முதலாவது யானைக்கும் வேற்றுமை காண்பதற்கில்லை. அக்காலத்து அரசே யானைத் தலைக்குப் பரிசு வழங்கியது என்பதும், மேஜர் றோஜர்ஸ் என்பார் 1,400க்கு மேற்பட்ட யானைகளைக் கொன்றதாகப் புகழப்பட்டார் என்பதும் உண்மை. ஆகவே பேக்கரை அவர் காலத்தை விட்டுப் பிரித்துத் தூற்றுவது முறையன்று. நான் கூறும் குறை அறம் பற்றியதன்று, கலை பற்றியது. எண்ணத் தொடங்கியவன் பார்ப்பதை நிறுத்திவிடுகின்றான்.

மூன்றாமவர் எமர்சன் தெனன்ற், 1845 முதல் இலங்கையின் குடியேற்ற நாட்டுச் செயலாளராயிருந்தவர். இவரது இயற்கை வரலாற்று நூல் 1861இல் வந்தது. யானையைச் சுடுவதற்குக் குறிபார்க்கும் திறன் மிகச் சிறிதே போதும் என்று வேட்டைக்காரரின் பெருமையை ஒரே வாக்கியத்திற் குலைத்தவர் இவர். மேசையிலிருந்து பிறர் தந்த செய்திகளைத் தொகுத்த அதிகாரிதான். அதனால் சில பக்கங்களிற் கச்சேரிக் கோப்பின் மணம் வீசுகின்றது. ஆயினும் 1847இல் குருநாகல் பகுதியில் நேரிற் கண்ட யானைப்பிடிப்பை அவர் கூறும் பகுதி ஒப்பற்றது. இலங்கையின் வடக்கிலும் வடகிழக்கிலுமுள்ள சோனகக் கிராமங்களைச் சேர்ந்த பணிக்கர் பற்றியும் அவர் எழுதியுள்ளார். பிறர் கண்ணுக்குத் தோன்றாத தடங்கொண்டு யானையைத் தொடர்ந்து, பின்னங்காலில் தோற்கயிற்றுச் சுருக்கிடும் அவர்தம் திறனை வியந்து போற்றுகின்றார். போற்றியும் என்? ஒரு பணிக்கரின் பேச்சையாவது கேட்க நமக்கு வாய்க்கவில்லை. யானையை உள்ளபடி அறிந்தவன் நூலினுள் நடமாடுகின்றான். பேசுவதற்கு அவனுக்கு இடமில்லை.

1937இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. மறு ஆண்டில் யாலையும் வில்பத்தும் தேசியப் பூங்காக்களாயின. துப்பாக்கியின் இடத்தைப் படக்கருவி பிடித்தது. 'சபாரி' என்னும் சுவாகிலிச் சொல் உலகெங்கும் பரவிற்று. அதன் வேர் பயணத்தைக் குறிக்கும் 'சபர்' என்னும் அரபுச்சொல். கிண்ணியாவிலும் மூதூரிலும் அது அயற்சொல்லன்று. தென்னாப்பிரிக்கப் பகுதியிலே, அங்கோலா மலைகளிற் பெய்த மழை ஒக்கவாங்கோ ஆறாகி, மாதங்கள் பல கடந்து, கடலைக் காணாமலே கலகாரிப் பாலையில் விரிந்து சதுப்பாகின்றது. போட்சுவானாவின் வறண்ட காலத்திலேதான் அந்த வெள்ளம் வந்து சேரும். விலங்குகள் அதனை நாடித் திரளும். நம் மின்னேரியாவில் இதற்கு மறுதலை: ஆடி ஆவணியிற் குளநீர் வற்ற, வெளிப்பட்ட தரையிற் புல் முளைக்க, யானைகள் கூடுகின்றன. இரண்டும் நீரின் கதைகள். ஆனால் ஈரிடத்தும் பயணியின் குறிப்பேட்டில் இடம்பெறுவது பெரும்பாலும் விலங்கின் தொகையே. எங்கள் துறைமுகத்துக்கு வெளியே திமிங்கிலம் பார்க்கச் சென்று மீள்வோரும் கரையேறியதும் எண்ணிக்கையையே கூறுகின்றனர். கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியிற் கோட்டைக்குள் நிற்கும் புள்ளிமான்களை யாரும் எண்ணுவதில்லை, பார்ப்பதுமில்லை.

பாலைத்திணையை எண்ணிப் பாருங்கள். குறுந்தொகையின் முப்பத்தேழாம் பாட்டில், பெருங்கடுங்கோ என்னும் புலவர் ஒரே ஒரு களிற்றைக் காட்டுகின்றார். பிடியின் பசி தீர்க்க அது யாமரத்தின் பட்டையை உரிக்கின்றது. எத்தனை யானை என்று எவரும் கேளார். வறண்ட நிலத்திற் பட்டையை உணவாக்கும் யானையின் செயலைக் கூர்ந்து கண்ட ஒருவர் இன்றி அவ்வுவமை பிறந்திராது.

இனி வகுப்பறைக்கு வருகின்றேன். சில ஆண்டுகளுக்கு முன் மாணவரை மின்னேரியாவுக்கு அழைத்துச் சென்று, திரும்பியதும் கட்டுரை எழுதப் பணித்தேன். ஏறத்தாழ எல்லாரும் யானைகளின் எண்ணிக்கையில் தொடங்கி ஜீப் வண்டிகளின் எண்ணிக்கையில் முடித்திருந்தனர். புறப்படுமுன் "எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்" என்று கூறியவன் நானே. கந்தளாய்ப் பக்கத்துக் கமக்காரர் ஒருவரின் மகன் மட்டும் குளத்தைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. வயற்காவற் பரணில் தந்தையோடு விழித்திருந்த இரவொன்றை எழுதியிருந்தான். காது கிழிந்த தனியன் வந்தால் தந்தை யானைவெடியைக் கொளுத்தி வீசுவார். கன்றோடு பிடி வந்தால், கொளுத்தியதையும் எதிர்ப்பக்கத்து வாய்க்காலில் எறிந்துவிடுவார். கன்று மிரண்டால் தாய் பரணுக்கே வரும் என்பது அவர் கணிப்பு. அந்தப் போகத்தில் அரை ஏக்கர் நெல் போயிற்று என்பதையும் அவன் முறையீடாக அன்றிச் செய்தியாகவே எழுதியிருந்தான்.

2022, 2023ஆம் ஆண்டுகள் ஒவ்வொன்றிலும் இந்நாட்டில் 400க்கு மேற்பட்ட யானைகளும் 100க்கு மேற்பட்ட மனிதரும் இறந்தனர் என்பதை நாளிதழிற் படித்தபோது அப்பையனின் கட்டுரை நினைவுக்கு வந்தது. பேக்கரிடம் இல்லாததும், பணிக்கர் பேசியிருந்தால் தெனன்றிடம் இருந்திருக்கக் கூடியதும் அதில் இருந்தன. சிவப்பு மையினால் நான் அதன் அடியில் எழுதியதும் நினைவுக்கு வந்தது: "தலைப்பை விட்டு விலகியுள்ளாய்."

அண்மையில் அவனைச் சந்தையிற் கண்டு, அந்தத் தாள் இருக்கின்றதா என்று கேட்டேன். "அது எங்கேயோ போட்டுது சேர்" என்று சிரித்துவிட்டு, வயலுக்கு மின்வேலி போடுவது பற்றிப் பேசத் தொடங்கினான்.